தமிழில் திட்டக் கோரி ஒரு வேலைநிறுத்தம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். எங்கள் ஊர் கொல்லயிலிலிருந்து வயல் வரப்பு வழியாக நடந்து பாறசாலை ரோட்டில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, அயனி மரத்தடியில் கிடந்த ஒரு கை வைத்த நாற்காலி. ரோட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்த தடம் அதன் கைகளில் இன்னும் காயவில்லை.

நாற்காலி எங்கள் டுட்டோரியல் கல்லூரியுடையது. அது வெளியே கிடந்தால் வேலைநிறுத்தம் என்று பொருள். மற்ற ஊர்களில் மாணவர்கள் வாசலை மறித்துப் படுப்பார்கள், கண்ணாடியை உடைப்பார்கள். எங்கள் கல்லூரிக்கு வாசல் கிடையாது. ஓலைக் கூரையும் இடுப்புயரச் சுவரும்தான் கட்டடம். உடைக்கக் கண்ணாடியும் இல்லை. ஆகவே எந்த ஆசிரியர் வேண்டாமோ அவருடைய மணி நேரத்துக்கு முன் நாற்காலியைத் தூக்கி மரத்தடியில் போட்டுவிடுவது வழக்கம். ஆசிரியரை வெயிலில் உட்கார வைப்பது மரியாதை அல்ல என்பதால் நிழல் பார்த்துப் போடுவோம். தூசியில் உட்கார வைப்பதும் மரியாதை அல்ல என்பதால் துடைத்துப் போடுவோம். பின்னாளில் பத்திரிகையில் வேலை பார்த்தபோது ‘மாணவர்கள் கொந்தளிப்பு’ என்று பல தலைப்புகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஈரத் துணிதான் நினைவுக்கு வந்தது.

அன்று முதல் மணி நேரம் வரலாற்று ஆசிரியருடையது.

எங்கள் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் இண்டர்மீடியட் படித்துத் தோற்றவர்கள் மறுபடி எழுதுவதற்காக வந்து சேரும் இடம் அது. தோற்றவர்கள் என்பதால் ஆசிரியர்களைப் பற்றி எங்களுக்கு அபிப்பிராயங்கள் அதிகம். ஒரே பாடத்தை இரண்டு பேரிடம் கேட்டவன்தானே ஒப்பிட முடியும்? நல்ல ஆசிரியர் என்றால் நோட்ஸ் சொல்பவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொல்லும்போது வார்த்தை மாறக் கூடாது. பரீட்சைக்கு வரக்கூடிய இடத்தில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று நிறுத்திச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்பதற்கு என்றே சர்வகலாசாலையில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலக் கவிதையைக் கண்ணில் நீர் வர நடத்தும் ஒருவரும் எங்களுக்கு இருந்தார். அவரைப் போல் ஆசிரியர் உலகத்தில் இல்லை என்று நாங்கள் புகழாத நாள் கிடையாது. சாயாக்கடையில் உட்கார்ந்து புகழ்வோம், அவருடைய வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது.

பிரின்சிபால்தான் கல்லூரியின் முதலாளியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டுட்டோரியல் இருந்தது. ஜூன் மாதத்தில் புதிதாகத் தோற்றவர்கள் பேருந்திலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் போகலாம் என்று பழைய மாணவர்களிடம்தான் கேட்பார்கள். நாங்கள் கை காட்டும் பக்கம் போவார்கள். ஆகவே பிரின்சிபாலுக்கு எங்கள் மேல் மிகுந்த அன்பு.

வரலாற்று ஆசிரியர் நோட்ஸ் சொல்வதில் குறை வைக்காதவர். மெதுவாக, நிறுத்தி, வார்த்தை மாறாமல் சொல்வார். வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தவர். விளவங்கோட்டுப் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார் என்று அந்த வேலையை விட்டுத் தெற்கே வந்தார். பட்டப் படிப்பில் மூன்றாம் வகுப்பில் தேறியவரை எங்கள் பிரின்சிபால் தவிர யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம் என்பது ஏற்பாடு. நெய்யாற்றின்கரையில் ஓர் அறையில் தங்கிப் பேருந்தில் வந்துபோனார். நிரந்தரமானால் பக்கத்தில் வீடு பார்த்து அம்மாவையும் மனைவியையும் அழைத்து வர வேண்டும் என்பதை எல்லோரிடமும், சாயாக்கடைக்காரரிடம்கூட, சொல்லியிருந்தார். ஆகவே அவருக்கு என்ன வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

அது எல்லைப் போராட்டத்தின் காலம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்தது. ரோட்டில் போலீஸ் வண்டி போகாத நாள் குறைவு. கோடு எங்கே விழும், பாறசாலை எந்தப் பக்கம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நெசவாளர்கள் ஏதோ கேட்டார்கள், பேருந்துக்காரர்கள் ஏதோ கேட்டார்கள். எங்கள் கல்லூரி மட்டும் எதையும் கேட்காமல் இருந்தது. இந்த அவமானத்தை முதலில் உணர்ந்தவர் எங்கள் மாணவர் தலைவர். காரக்கோணத்துக்காரர், சபை உபதேசியாரின் மகன், வரலாற்றுத் தாளில் மட்டும் இரண்டு முறை தோற்றவர். உணர்ந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று வகுப்பில் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது வரலாற்று ஆசிரியர், “எடா, தனிக்கு வேறெ பணியொந்நும் இல்லே?” என்று மலையாளத்தில் கேட்டிருந்தார். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று அர்த்தம். கேள்வி நியாயமானது. மொழி மட்டும் தலைவருக்கு உபயோகமாக இருந்தது.

எட்டரை மணிக்குப் பேருந்து வந்தது. வரலாற்று ஆசிரியர் குடையோடு இறங்கினார். நாற்காலியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் பழைய காலண்டர் அட்டைகளில் ‘தமிழ் வாழ்க’ என்று எழுதிக் கம்பில் கட்டி வைத்திருந்தோம். “தமிழ் மாணவருக்குத் தமிழ் ஆசிரியர்!” என்று தலைவர் கூவ, நாங்கள் வாங்கிச் சொன்னோம். வகுப்பில் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளப் பையன்களும் இருந்தார்கள். எங்களைவிட அவர்கள்தான் உரக்கக் கூவினார்கள். விடுமுறை இரண்டு மொழிக்கும் பொது.

அவர் கோபப்படவில்லை. குடையை நாற்காலியின் கையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய மணி நேரம் தொடங்கிவிட்டது. முகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “இம்பார்ட்டன்ட்” என்றார்.

கோஷம் நின்றது.

தலைவர்தான் முதலில் அட்டையைத் திருப்பியவர். பென்சில் வைத்திருந்தவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார்கள், இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவனை முறைத்தார்கள். முதல் காரணம் முடிந்ததும் தலைவருக்குப் பொறுப்பு நினைவு வந்து, “தமிழ் மாணவருக்கு…” என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு பொழியூர்க்காரன், “எலே, கொஞ்சம் பைய கூவு. ரெண்டாவது காரணம் கேக்கல்ல” என்றான். அவன் கடற்கரைக் குடும்பத்துப் பையன், எதையும் சிரிக்காமல் சொல்வான். அதன்பின் ஒரு காரணத்துக்கும் அடுத்த காரணத்துக்கும் இடையே மட்டும் கோஷம் போட்டோம். அவரும் அதற்கு இடம் விட்டுச் சொன்னார். அடுத்த வாரம் ஊர்வலத்துக்கு அதே அட்டைகளைத்தான் கொண்டு போனோம். முன்னால் வந்து பார்த்தவர்கள் தமிழ் வாழ்க என்று படித்தார்கள். பின்னால் வந்தவர்கள், பலவீனமான வாரிசுகள், காலியான கஜானா என்று ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே நடந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஏதோ அரசாங்கத்தைப் பற்றித்தான் என்று ஒரு பையனிடமிருந்து அட்டையைப் பிடுங்கினார். அவன் அதன்பின் மூன்றாவது காரணத்துக்காக ஒவ்வொருவரிடமும் அலைந்தான்.

இனி அந்தக் காலைக்கே வருகிறேன். சத்தம் கேட்டுப் பிரின்சிபால் வெளியே வந்தார்.

“உங்களுக்கு என்னடே வேணும்?”

“தமிழ் வேணும் சாரே” என்றார் தலைவர்.

“வகுப்பு எந்தப் பாஷையில நடக்குது?”

“இங்கிலீஷ்ல.”

“நோட்ஸ்?”

“அதும் இங்கிலீஷ்தான்.”

“நீ ரெண்டு தடவை தோத்தியே, அது எந்தப் பாஷையில?”

“இங்கிலீஷ்லதான் சாரே.”

“பின்ன தமிழ் எங்க வேணும்? எடத்தச் சொல்லு மக்கா, அங்க வச்சுத் தாறேன்.”

தலைவர் யோசித்தார். உண்மையில் யாரும் அதுவரை அந்த இடத்தைத் தேடிப் பார்த்திருக்கவில்லை. பொழியூர்க்காரன் உதவிக்கு வந்தான்.

“ஏச்சு, சாரே. இவரு ஏசுயதெல்லாம் மலையாளத்திலயாக்கும்.”

தலைவர் அதைப் பற்றிக்கொண்டார். “அதாக்கும் விஷயம்! தமிழ்ப் பையன ஏசணும்ணா தமிழ்ல ஏசணும். அது எங்களுக்க உரிமை.”

பிரின்சிபால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எதிர் டுட்டோரியலின் ஆசிரியர்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரலாற்று ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தமிழ்ல ஏச வருமா?”

“அம்மைக்க பாஷை அது. ஆனா அதுல நான் ஆரையும் ஏசினது இல்ல.”

“இனி ஏசும். வெள்ளிக்கிழமை வர பாப்போம். பையம்மாருக்குத் திருப்தி ஆனா நீரு இரியும். இல்லெங்கில் எனக்கு வேற ஆளு பாக்காம முடியாது.” எங்கள் எல்லோர் முன்னும்தான் சொன்னார். வரலாற்று ஆசிரியர் குடையை எடுத்து, விரித்து, மறுபடி மடக்கினார். நாங்கள் நாற்காலியை உள்ளே கொண்டு போனோம்.

மறுநாள் புதன்கிழமை. அவர் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஒருவனிடம் கேள்வி கேட்டார், அவன் விழித்தான். அவர் தொண்டையைக் கனைத்து, “மாணவ நண்பரே, தங்களுடைய அறியாமை என்னை வியப்பில் ஆழ்த்துகிறது” என்றார். அந்தக் காலத்து மேடைத் தமிழ். வகுப்பு சிரித்தது.

“சாரே, இது ஏச்சு இல்ல” என்றான் பொழியூர்க்காரன். “வரவேற்புரையாக்கும்.”

வியாழனன்றும் அப்படித்தான். ‘கல்வியின் மாண்பினை உணராத’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றார். சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் சாயாக்கடையில் இருந்து, “இவரு போவாரு, பாத்துக்கோ” என்றார். வரலாற்று ஆசிரியர் பக்கத்துப் பெஞ்சில் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஔரங்கசீப்புக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் யார் என்று தலைவரிடம் கேட்டார். தலைவர் எழுந்து நின்று, பதிலுக்குப் பதிலாக ஒரு கொட்டாவி விட்டார். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“இருந்துக்கோ மக்கா. நிக்கதுக்கும் ஒரு யோக்கியதை வேணும். உனக்க அம்மை வெளுக்கதுக்கு முன்ன எழும்பி, பொகையில கண்ணு கலங்கி அடுப்பு ஊதி, மரச்சீனி அவிச்சு, காந்தாரி மொளவு அரச்சு, எலையில பொதிஞ்சு தந்து விடுதா. எதுக்கு? எனக்க மவன் காலேஜில படிக்கான்ணு. நீ அதத் தின்னுட்டு வந்து எனக்க முன்ன வாயப் பொளக்குதே. எனக்கு ஒரு மரியாதையும் வேண்டாம். அந்த மரச்சீனிக்கு ஒரு மரியாதை வேண்டாமாலே?”

யாரும் சிரிக்கவில்லை. பொழியூர்க்காரன் மட்டும் பழக்கத்தில் லேசாகச் சிரித்துவிட்டான். ஆசிரியர் அவன் பக்கம் திரும்பினார்.

“நீ என்னத்துக்குலே சிரிக்கே? உங்க ஊர்ல கடலு கூட வருஷத்துக்கு ஒரு அடியாவது முன்ன வருது. நீ நிண்ண எடத்துலயே நிக்கே.”

அதன்பின் மணி அடிக்கும்வரை நோட்ஸ் சொன்னார். எல்லோரும் குனிந்து எழுதினோம். தலைவர் எழுதவில்லை. மதியம் அவர் மரவள்ளிக் கிழங்குப் பொதியைப் பிரித்தார், பார்த்தார், மறுபடி மடித்து வைத்தார்.

மாலையில் சாயாக்கடையில் கூட்டம். வெற்றி பெற்ற போராட்டத்தின் கூட்டத்துக்குரிய எந்தக் களையும் அதில் இல்லை.

“மலையாளத்துல ஏசினா மழை மாதிரி” என்றான் ஒருவன். “ஓட்டுக்கு மேல பெய்யும். நாம உள்ள இருக்கலாம். இது நேரா அடுக்களையில வந்து நிக்குது.”

“அம்மைய இழுக்கப்பிடாது” என்றார் தலைவர். “அது வரலாறு இல்ல.”

“பின்ன? மலையாளத்திலயே ஏசச் சொல்லிப் போயி கேப்பமா?”

“உனக்குப் பைத்தியமா? ஊரெல்லாம் தமிழுக்கு அடி வாங்குதான். நாம மட்டும் போயி, தமிழ் வேண்டாம், மலையாளத்தத் தாரும்ணு கேக்கவா? இவரு போணும். அவ்வளவுதான்.”

பொழியூர்க்காரன் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். “போவட்டு. வெள்ளைக்காரன ஆரு நடத்துவா?”

அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முகலாயர் வரைதான் நோட்ஸ் வந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் இன்னும் கப்பலில் ஏறவே இல்லை. பாதிப் பாடத்தில் ஆசிரியரை மாற்றினால் புதியவர் எங்கிருந்து தொடங்குவார், அவர் வார்த்தை மாறாமல் சொல்வாரா என்பதெல்லாம் நிச்சயமில்லாத விஷயங்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு தலைவர் தீர்மானத்தைச் சொன்னார்.

“போர்ஷன் முடியட்டு.”

பிரின்சிபாலிடம் அவரே போய், “திருப்தி சாரே” என்றார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஒரு கட்டில், ஓர் ஆட்டுக்கல், இரண்டு டிரங்குப் பெட்டிகள், அவற்றின் மேல் உட்கார்ந்து ஒரு வயதான அம்மாள். வரலாற்று ஆசிரியர் கொல்லயிலில் வீடு எடுத்துவிட்டார். நிரந்தரம் இன்னும் கையில் வரவில்லை என்றாலும், மாணவர்களே திருப்தி என்று சொன்ன பிறகு அது வெறும் சம்பிரதாயம்தானே என்று என் அப்பாவிடம் சொன்னாராம். அதன்பின் காலையில் வயல் வரப்பில் அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன்.

எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நம்பியதால் அவர் தினமும் ஏசினார். நாளுக்கு நாள் அதில் தேறிக்கொண்டும் வந்தார். ஒருவனுடைய அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது, இன்னொருவனின் அப்பா செருப்பில்லாமல் தாலுகா கச்சேரிக்கு நடப்பது என்று வீடு வீடாகப் போய்வந்தார். கோபமே இருக்காது. முடித்துவிட்டு, “செரி, எழுதுங்க மக்கா” என்பார். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அதைக் கவனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மாதத் தேர்வில் தலைவர் ஔரங்கசீப்புக்குப் பின் வந்தவரின் பெயரை முதல் முறையாகச் சரியாக எழுதியிருந்தார். ஏச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. நோட்ஸ் நல்ல நோட்ஸ் என்றுதான் சொன்னோம்.

பிப்ரவரி நடுவில் வெள்ளைக்காரர்கள் போனார்கள். போர்ஷன் முடிந்தது. அன்று மாலையே தலைவர் எங்கள் சிலரை அழைத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போனார்.

“வரலாற்று சாரு வேண்டாம், சாரே. மரியாதை இல்லாம ஏசுயாரு.”

“தமிழ்லதானே ஏசுயாரு?”

“தமிழ்லதான்.”

“நீங்கதானே கேட்டிய?”

“கேட்டோம். இப்படி வெளங்குத மாதிரி கேக்கல்ல.”

பிரின்சிபால் எதிர் டுட்டோரியலைப் பார்த்தார். பிறகு, “ஜூன்ல பையம்மாரு வரும்போ எந்தப் பக்கம் கை காட்டுவிய?” என்று கேட்டார்.

“அது சாரு எடுக்குத முடிவப் பொறுத்தாக்கும்” என்றார் தலைவர். அவர் பிற்காலத்தில் அரசியலுக்குப் போகாதது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மறுநாள் காலை வழக்கம்போல் வரப்பில் வரலாற்று ஆசிரியர் முன்னால் போனார். ரோட்டில் ஏறியதும் நின்றார். அயனி மரத்தடியில் நாற்காலி கிடந்தது. நிழலில், துடைத்து.

“இன்னைக்கு ஆருக்காக்கும் ஸ்டிரைக்கு?” என்று திரும்பி என்னிடம் கேட்டார். கேட்ட பிறகுதான் முதல் மணி நேரம் யாருடையது என்று அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது.

பிரின்சிபால் வெளியே வந்து அவரிடம் தனியாகப் பேசினார். பேச்சு நீளவில்லை. இந்த முறை அட்டை இல்லை, கோஷம் இல்லை. எல்லோரும் நோட்டுப் புத்தகத்தோடுதான் நின்றோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் இரண்டடி முன்னால் வந்து, மரியாதையாகக் கை கட்டிக்கொண்டார்.

“சாரே, ஒரு காரியம். போறதுக்கு முன்ன இம்பார்ட்டன்ட் கேள்விய மட்டும் ஒருக்கச் சொல்லிட்டுப் போவும்.”

வரலாற்று ஆசிரியர் மடியிலிருந்த குடையைக் கையில் எடுத்தார். பிறகு எழுந்தார்.

“எடா, தனிக்கு வேறெ பணியொந்நும் இல்லே?” என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, வந்த வரப்பிலேயே இறங்கி நடந்தார்.

நாங்கள் நாற்காலியை உள்ளே கொண்டு போனோம். அந்த வாரக் கடைசியில் மாட்டு வண்டி வந்து கட்டிலையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனது.

மார்ச் மாதம் நடந்த பரீட்சையில், வரலாற்றுத் தாளின் முதல் கேள்வி முகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள்.